ஷமாவின் தடித்த எழுத்து

ஷமா வரைந்த எழுத்தில் வட்டமும் நேர்கோடும் தவிர வேறெதுவும் இல்லை. கொம்பு, சுழி, கால் எல்லாம் ஒரே தடிமன். அவளுடைய 'ட' இரண்டு இரும்புப் பட்டையை மூலையில் சேர்த்த மாதிரி இருக்கும். 'ப' மூடியில்லாத பெட்டி. தனகோட்டியின் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் செய்த எழுத்துரு அது.

"ஓடற பஸ்ஸுலேர்ந்தே படிக்கலாம்மா!" என்று தனகோட்டி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அதன் பிறகு எந்த ஆர்டர் வந்தாலும் மஞ்சள் பின்னணி, சிவப்பில் அந்த எழுத்து; போட்டோ மட்டும் மாறும். காதுகுத்து, பிரியாணிக் கடை திறப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள். மற்ற ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களும் அந்த எழுத்தை வாங்கிப் போனார்கள். குள்ளஞ்சாவடி வரை சாலையோரமெல்லாம் தன் எழுத்தையே பார்த்தபடி போவதில் ஷமாவுக்குக் கொள்ளைப் பெருமை.

நிலக்கரி மைன்ஸில் மண் அள்ளும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சிவக்குமார் வந்து, 'மண்சரிவு அபாயம், உள்ளே போகாதே' என்று பேனர் கேட்டபோதும் அதே மஞ்சளில், அதே சிவப்பு எழுத்தில்தான் அடித்துக் கொடுத்தாள். அவள் தம்பி சதாமுக்கு அங்கேதான் வேலை.

அடுத்த வாரம் மழை விட்டதும் மண்மேடு சரிந்தது.

ஆஸ்பத்திரியில் சதாம் கண் திறந்திருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"போகாதன்னு பேனர் கட்டியிருந்தாங்களேடா. பாக்கலயா நீ?"

"பாத்தேன்க்கா. உன் எழுத்துதான். யாருக்கோ காதுகுத்துன்னு நெனச்சிகினு போயிட்டோம்."

"படிக்கலயா?"

"ஊரெல்லாம் அதான தொங்குது. நின்னு யாரு படிக்கிறா?" அவன் குறை சொல்லவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். "கூட வந்த வேலுமணி கேட்டான், எந்த மண்டபத்துலடா சாப்பாடுன்னு."

வேலுமணியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள் என்று சதாமுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஷமா எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் சிவக்குமார் நின்றிருந்தார்.

"நல்லவேளைம்மா, பேனர் வச்சிருந்தோம். இல்லேன்னா பழி எங்க மேல வந்திருக்கும். அது மண்ணுக்குள்ள போயிடுச்சு. நாளைக்கே இன்னொண்ணு வேணும்."

"அந்த எழுத்து வேணாம் சார். அத யாரும் படிக்கல."

"ஏன்? எவ்ளோ எடுப்பா இருக்கு!"

"கறுப்புல, கையால, கோணல்மாணலா எழுதினாக்கூடப் போதும். நானே வந்து எழுதறேன் சார். அது மட்டும் வேணாம்."

பெண்ணுக்கு அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "நீ உள்ள போய் தம்பியப் பாரும்மா" என்றார். போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"தனகோட்டியண்ணே, அதே மேட்டர்தான். ஆமா, அதே எழுத்துதான். இந்தத் தடவ ரெண்டு மடங்கு பெருசா போட்டுடுங்க."