பாட்டில் போட்ட சத்தம்

மூடி சரியாக இறுகவில்லையே என்றுதான் முதலாளியின் மேஜையிலிருந்த பாட்டிலை அவள் கையில் எடுத்தாள். எடுத்த கை சும்மா இருக்குமா? பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷம். எந்தப் பாட்டிலைத் தொட்டாலும் காதோரம் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் கீழே வைப்பாள். மூலிகைக் கேப்ஸ்யூல் அடக்கமாகச் சத்தம் போடும். இது கலகலவென்றது.

திறந்து பார்த்தாள். வெள்ளையும் ரோஸுமாக ஆஸ்பத்திரி மாத்திரைகள். வெளியே கம்பெனி லேபிள், 'நோய் எதிர்ப்புச் சக்திக்கு' என்று. அதில் முதலாளியின் சிரித்த முகம். முதலாளி வேறு யாருமில்லை, அவள் அக்கா புருஷன்.

அக்காவுக்குக் காசநோய் வந்தபோது ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிடச் சொன்னார் டாக்டர். இரண்டாம் மாசமே நிறுத்த வைத்தவர் இந்த மாமாதான். "நம்ம பொருள் மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னா வேற எவன் வாங்குவான்?" என்றார். அக்கா தலையாட்டினாள். காலையில் இரண்டு கேப்ஸ்யூல், மாலையில் இரண்டு. வருஷம் திரும்புவதற்குள் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பச்சைக் கேப்ஸ்யூல்களைத் தன் கையாலேயே அடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தவள் தங்கையான இவள்தான். அந்தக் கையை எத்தனை முறை கழுவியும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

மகராசன் தன் நெஞ்சுவலிக்கு மட்டும் ஆஸ்பத்திரி மாத்திரையை வேளை தவறாமல் முழுங்கியிருக்கிறார்!

பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் சத்து மாத்திரைகளை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். மாற்றிப் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் செத்தால் பெரிய மனுஷனாகவே செத்துப்போவார். அக்கா படத்துக்குப் பக்கத்தில் இவர் படத்துக்கும் மாலை விழும். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்து மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள்.

ஏஜெண்டுகள் கூட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலாளி மேடையில் தன் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் மறைவாகக் கொட்டி வாயில் போட்டுக்கொள்வார். கீழே எல்லோரும் ஆளுக்கு இரண்டு கேப்ஸ்யூல் போட்டுக்கொள்வார்கள். தண்ணீரும் பாட்டிலும் தட்டில் ஏந்திப் போவது அவள் வேலை.

அன்று தட்டை நீட்டவில்லை. பாட்டிலை மைக் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினாள். கலகல. வருஷக்கணக்காகப் பாட்டில் விற்றவர்களின் காது அது. முன்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"என்ன விளையாட்டு இது? குடு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க பாட்டில்லேர்ந்து இன்னிக்கு எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுங்க மாமா."

அவர் முகம் வெளிறியது. மார்பைப் பிடித்தபடி மைக்கைக் கையால் பொத்தினார். "நெஜமாவே வலிக்குது. மானத்த வாங்காத. குடுத்துடும்மா."

"நான் தரமாட்டேன்னு சொல்லலையே."

பாட்டிலை அப்படியே தட்டில் கவிழ்த்தாள். வெள்ளையும் ரோஸும் உருண்டன. தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அக்கா தலைமாட்டில் மிஞ்சியிருந்த இரண்டு பச்சைக் கேப்ஸ்யூல்களையும் பக்கத்தில் வைத்தாள்.

"எது வேணுமோ எடுத்துக்கோங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் தட்டைத் துளியும் ஆடாமல் பிடித்திருந்தாள். அவர் கை தட்டுக்கு மேலே வந்து நின்றது.