தம்பி திட்டுவான்

தையல் கடையில் துணி வெட்டுவது தம்பி, தைப்பது அக்கா. அக்காவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். அன்றிலிருந்து தம்பியின் நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு பிஸ்கட்டைத் தொட்டால் போதும், அளவு கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவான்.

"தின்னு, நல்லா தின்னு. நாளைக்கு நான்தானே தூக்கிச் சுமக்கணும்."

அவள் சிரித்து மழுப்புவாள். காலையில் விரலில் குத்திப் பார்த்துச் சர்க்கரை கூடியிருந்தால் அன்று முழுக்க அவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அக்கறைதான். ஆனால் அது அக்கறை என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். போகப் போக அவள் அளவைச் சொல்வதை நிறுத்தினாள். பிறகு குத்திப் பார்ப்பதையே நிறுத்தினாள். ஒருவழியாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

கொஞ்ச நாளாக அவள் வெயிலிலும் காலுறை போட்டிருந்தாள். கேட்டதற்கு, "குளிருதுடா" என்றாள். நடையில் கால் லேசாக இழுத்ததையும் பார்த்தான். கையில் வேலை இருந்ததால் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் தையல் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் காலுறையைக் கழற்றியதும் வந்த வாடையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரலுக்கு அடியில் கறுத்த புண். டாக்டர் அதிலிருந்து ஒடிந்த குண்டூசித் துண்டு ஒன்றை எடுத்தார்.

"கால் மரத்துப் போயிருக்கு, குத்தினது தெரிஞ்சிருக்காது," என்றாள் நர்ஸ். "ஆனா புண்ணைப் பாத்து மூணு வாரமாச்சாம். ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டேன். தம்பி திட்டுவான்னாங்க."

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்குப் பயந்து புண்ணை மூடி வைத்திருக்கிறாள். அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவளே விரலில் குத்திப் பார்த்தாள்.

"எவ்வளவுக்கா?"

"இருநூத்திப் பத்து." சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். "சரிக்கா. மத்தியானம் இன்னொரு தடவை பாப்போம். காலைக் காட்டு, கட்டு எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"நானே பாத்துக்கறேன்டா," என்று அவள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் வற்புறுத்தவில்லை. கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான்.