அறுக்காத புல்

அரிவாள் கோரைக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவள் காலை ஊன்றி இழுத்தாள். கோரைக்கு அடியில் போன வருஷத்துக் கோரை, அதற்கும் அடியில் முந்தைய வருஷங்களுடையது. செத்த தாள்கள் மெத்தைபோல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். வெட்டிய இடம் ஒரு கதவின் அகலம்கூட இல்லை.

பின்னால் ஆற்றங்கரை மேட்டில் அமரர் வண்டி நின்றது. உள்ளே குளிர்ப்பெட்டியில் அப்பா. வண்டிக் கதவில் சாய்ந்தபடி அண்ணன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"என்ன பண்றே?"

"வீடியோ எடுக்கறேன்."

"எதுக்கு?"

"ஒரு புல்லைக்கூடக் கிள்ளக் கூடாதுன்னு ஸ்டே வாங்குனது நீதானே? இப்ப நீயே அரிவாளோட நிக்கறே. ஜட்ஜையா பார்க்க வேணாமா?"

குழி வெட்ட வந்தவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அது அவள் வாங்கிய தடைதான். ஆற்றோரப் புல்வெளியில் மண் கொட்டிச் சிமெண்ட் கோடவுன் கட்ட அண்ணன் கிளம்பியபோது அவள் கோர்ட்டுக்குப் போனாள். தீர்ப்பு வரும்வரை யாரும் மண் கொட்டக் கூடாது, புல் அறுக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவானது. அன்று வக்கீலுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாள். யாரும் தொடாவிட்டால் புல்வெளி அப்படியே இருக்கும் என்று நம்பினாள்.

மேய்ச்சல் இல்லாமல் அப்பாவின் மாடுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. ஒரு கொம்பு ஒடிந்த பசுவை மட்டும் யாரும் கேட்கவில்லை. கரைக்கு அந்தப் பக்கத்துப் பால்காரர் பாவம் பார்த்து ஓட்டிப்போனார். அப்பா காலி கொட்டிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அது சாய்ந்து, அள்ள ஆளில்லாமல் அங்கேயே கிடந்தது. அதற்கடியில் வெயில் போகவில்லை. தரையோடு ஒட்டிப் பூக்கிற குட்டி மஞ்சள் பூக்களும் நீலப் பூக்களும் முதலில் காணாமல் போயின. அம்மா அவற்றைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொள்வாள். அடுத்து முரட்டுப் புல் வந்தது, அதையும் அமுக்கிக்கொண்டு கோரையும் நாணலும் வந்தன. வெள்ளம் வந்தபோதெல்லாம் அந்தத் தண்டுகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொண்டன. தரை உயர்ந்தது. வண்டலில் புதரும் மரக்கன்றுகளும் வேர்விட்டன.

அம்மாவின் சமாதி இதற்குள்தான் எங்கோ இருக்கிறது. அறுக்கும்போது கத்தி தட்டக் கூடாது என்று அப்பா பலகைக்கல்லைத் தரைமட்டமாகப் பதித்திருந்தார். பக்கத்தில் இடுப்புயரக் கல்தூண் ஒன்று, மாடுகள் கழுத்தை உரசிக்கொள்ள. இப்போது கல்லும் தெரியவில்லை, தூணும் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் ஆள் உயரப் பச்சை.

"அம்மா பக்கத்துல உங்கள வெக்கறேம்ப்பா. சத்தியம்," என்று ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "இடம் மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

கோணிய வாயோடு அவர் அவளை நெடுநேரம் பார்த்தார்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"அப்பா..."

"மாட்டை ஓட்டுனீங்கல்ல? தேடுங்க. ரெண்டு பேரும் தேடுங்க."

அன்று மாலையே பேச்சு நின்றுபோனது. மறுநாள் மூச்சும்.

மேட்டில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஆற்றின் மேல்பகுதியில் மழை, பழுப்புத் தண்ணீர் நாணலின் காலைத் தொட்டுவிட்டிருந்தது.

"ஏங்க, தண்ணி ஏறுது. குழி ஊறிட்டா அப்புறம் என்னால ஆகாது," என்றார் குழி வெட்டுபவர். "எங்கன்னு சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்த்துடறேன்."

"எங்க வெச்சா என்ன?" என்றான் அண்ணன். "உயிரோட இருந்தப்பவே ஆளுக்கொரு ரூம்ல படுத்தவங்க."

அவள் திரும்பினாள். "உன்னை விட்டிருந்தா அம்மா மேல சிமெண்ட் மூட்டை அடுக்கியிருப்பே."

"அடுக்கியிருந்தா, எங்க இருக்கான்னாவது தெரிஞ்சிருக்கும்."

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து அரிவாள் பிடி வழுக்கியது. வெட்டி முடித்த இடத்தின் நடுவில் போய் நின்று, குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்கதான்."

"நிச்சயமாவாங்க?"

"வெட்டுங்க."

சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது ஒரு பக்கக் கயிறு அண்ணன் கையில் இருந்தது. கால் வைத்த இடத்தில் சேறு உள்வாங்கி ஒரு ஷூ போனது. "நல்லா சாபம் விட்டுட்டுப் போயிருக்காரு," என்றான். சாக்ஸ் காலோடு நின்றே மண் தள்ளினான். குழி மூடியதும் முதல் வேலையாக ஷூவைத் தேடினான்.

வண்டி கிளம்பிப்போயிருந்தது. குழி வெட்டியவர் மண்வெட்டியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது, அவள் வெட்டிய பாதை வழியாக மேட்டிலிருந்து ஒரு பசு இறங்கி வந்தது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்கியது. ஒரு கொம்புதான் இருந்தது. அவர்களைப் பார்க்கவில்லை, புது மண்ணை முகர்ந்து பார்க்கக்கூட நிற்கவில்லை. வெட்டாத கோரையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, இடப்பக்கமாக ஆற்றை நோக்கி உள்ளே போனது. நாணல் நுனிகள் வரிசையாக அசைந்து, ஓரிடத்தில் நின்றன.

அங்கிருந்து சத்தம் வந்தது. கல்லில் தோல் உரசுகிற சத்தம். நின்று, மறுபடி நிதானமாக.

குழி வெட்டியவர் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மண்வெட்டியின் மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் ஒரு கையில் ஷூவோடு நின்றான். அவளும் அவனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"யார் வீட்டு மாடு அது?" என்றான் கடைசியில். "விரட்டு."

அவள் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். அப்பா மேலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. வேறெங்கும் வெறும் மண் இல்லை.