பஞ்சு வைத்த டவுசர்

தமிழ்செல்விக்கு உட்காருவது என்றாலே பயம். சாப்பிடும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்வாள். காய் நறுக்கும்போது முழங்காலை ஊன்றிக்கொள்வாள். வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம், கம்பெனியில் என்ன செய்வது? ஃபேன் மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றுகிற வேலை. ஷிப்டு முடிகிற வரைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியாது.

எல்லாம் சைக்கிள் செய்த வேலை. புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அவர்கள் ஊருக்குக் கம்பெனி வேன் வந்துகொண்டிருந்த வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆள் குறைந்துபோய்விட்டது என்று வேனை நிறுத்திவிட்டார்கள். மகள் பூமிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்துகிடந்தது. பூமிகா இப்போது பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறாள். தமிழ்செல்வி அந்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊர் ரோட்டில் குழி, ஹைவே ஓரத்தில் ஜல்லி, பழைய இரும்பு ஏற்றிய லாரி பக்கத்தில் போனால் சைக்கிளே நடுங்கும். சீட்டோ பலகை மாதிரி. முதல் வாரம் எரிச்சல். அடுத்த வாரம் தோல் வழன்றது. அப்புறம் கொப்புளம்.

வீட்டில் சொல்ல முடியுமா? மாமியார் கங்கம்மாவுக்கு மருமகள் வேலைக்குப் போவதே பிடிக்காது.

"நெலம் கீற ஊட்டுப் பொண்ணு காலங்காத்தால சைக்கிள் மெறிச்சிக்கினு போவுது. பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஒரு நாள், ஒரே நாள் ஏதாவது கொறைன்னு வந்து நில்லு, அந்த சைக்கிள ஏரில போட்டுட்டு வந்துடறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கணவன் குணா அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன். நல்ல மனுஷன்தான். நெல் பூத்தால் பேசுவான், மோட்டார் ஓடாவிட்டால் பேசுவான். இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். வேலை போனால் பூமிகாவின் படிப்பும் போகும் என்று தமிழ்செல்விக்குத் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கண்டுபிடித்தது ஆரோக்கியமேரிதான். பக்கத்து ஸ்டூலில் கம்பி சுற்றுகிறவள். ஒரு நாள் டீ டைமில் இவளைப் பாத்ரூம் பக்கம் இழுத்துப் போனாள்.

"இன்னாடி, முட்ட மேல குந்திக்கின கோழி மாரி நெளிஞ்சிக்கினே கீற?"

"ஒண்ணுமில்லக்கா. சைக்கிள் சீட்டு."

"அத்த சொல்லத்தான் இவ்ளோ நாளா? எந்தம்பி ஒர்த்தன் கீறானே, ஞாயித்துக்கெழமையானா சோழவரம் பக்கம் கூட்டமா சைக்கிள் உடறானே, அவங்கல்லாம் இன்னா போட்டுக்கினு போறாங்க தெரியுமா? பின்னாடி பஞ்சு மெத்த வச்சி தெச்ச டவுசரு. நானும் மொதல்ல சிரிச்சேன். நாள் பூரா ஓட்டினாலும் ஒண்ணும் ஆவாதாம்."

"பொம்பளைக்கு கூடவா?"

"பொம்பளைக்கு வேற பொறப்பா? உனுக்கு ஒண்ணு வர வெக்கறேன். சுடிதார் பேண்ட்டுக்கு உள்ள போட்டுக்க. ஆனா ஒண்ணு கேட்டுக்க. அதுக்குள்ள வேற எதுவும் போடக் கூடாது. ஜட்டி கிட்டி எதுவும். தையல் அழுத்தி இன்னும் புண்ணாவுமாம். வந்து எறங்குனதும் கழட்டிடணும். தெனம் தோச்சி வெயில்ல காய வெக்கணும்."

டவுசர் வந்தது. கறுப்பு நிறம், தொடை வரைக்கும் கவ்விப் பிடித்தது. அடியில் விரல் தடிமனுக்கு மெத்தை. தமிழ்செல்வி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. ஆனால் உள்ளே எதுவும் இல்லாமல் தெருவில் போவதா? மனசு ஒப்பவே இல்லை. ஹைவேயில் விழுந்து வைத்தால், நாலு பேர் தூக்கினால், என்ன நினைப்பார்கள்? ஜட்டியைப் போட்டு அதன் மேல் டவுசரைப் போட்டாள். கம்பெனி பாத்ரூமில் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் கழற்றவும் இல்லை. சாயங்காலம் வரை வியர்வையில் ஊறிக்கொண்டு அதோடேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வெயிலில் போடாமல் நைட்டிக்கு அடியில் மறைத்துக் காய வைத்தாள். ஆரோக்கியமேரி சொன்னதில் ஒன்றைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை. ஆனாலும் மெத்தை மெத்தைதானே, முதல் நாள் குழியில் சைக்கிள் இறங்கியபோது உயிர் போகவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தொல்லை சாயங்காலம் கேட்டில் வந்தது.

காப்பர் கம்பெனி என்றால் வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவித்தான் அனுப்புவார்கள். ஆம்பிளைகளுக்கு ஒரு வரிசை, பக்கத்திலேயே பொம்பளைகளுக்கு ஒரு வரிசை. நடுவில் ஒரு கயிறுதான். பொம்பளை வரிசைக்குக் குப்பம்மாள். தமிழ்செல்வி பிறந்த ஊர்க்காரி, ஊர் முறைக்குச் சித்தி. மகளைத் தமிழ்செல்வி வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறாள். போன மாதம்தான் எவளோ ஒருத்தி கம்பியைச் சுருட்டி இடுப்பில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள் என்று குப்பம்மாளுக்குச் செம டோஸ். அன்றிலிருந்து சித்தியாவது பெரியம்மாவாவது, கை அழுத்தித்தான் தடவும்.

அந்தக் கை இடுப்பிலிருந்து கீழே இறங்கி, டக்கென்று நின்றது.

"இன்னாடி இது, கெட்டியா கீது?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். புண் என்று சொன்னால் எங்கே என்பார்கள். டவுசர் என்று சொன்னால் காட்டு என்பார்கள். தமிழ்செல்வி வாயில் வந்தது இதுதான்.

"தூரம், சித்தி."

சுட்ட மாதிரி கையை எடுத்துவிட்டாள் குப்பம்மாள். வீட்டுக்குத் தூரமானவளை அவள் தொட மாட்டாள். கழுத்தில் மாரியம்மன் டாலர் போட்டிருக்கிறவள். "போ, போ" என்று ஒதுங்கி வழி விட்டாள்.

இவ்வளவு சுலபமா என்று தமிழ்செல்விக்கு ஆச்சரியம். மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாள் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை, முகத்தைப் பார்த்தே ஒதுங்கினாள். ஆனால் நாள் ஓடுகிறதே! ஒரு வாரம் தாண்டியது. குப்பம்மாள் முகத்தில் முதலில் கவலைதான் வந்தது.

"இன்னும் நிக்கலியாடி? வெந்தியத்த மோர்ல போட்டுக் குடி. இல்லாங்காட்டி டாக்டராண்ட போ. சொம்மா உட்டுட்டு கெடக்காத."

"சரி சித்தி."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்ன பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், புண் ஆறட்டும், டவுசரை விட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். புண்ணோ ஆறுகிற வழியாக இல்லை. உள்ளே தையல் அறுத்து அறுத்து நீர் வடியத் தொடங்கியிருந்தது.

இதற்கிடையில் ஆடி ஞாயிறு வந்துவிட்டது. ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கங்கம்மா வீட்டுப் பானைதான் முதலில் கோயிலுக்குப் போக வேண்டும். அது அந்த வீட்டுக்கு ஊர் கொடுத்த மரியாதை. மருமகள்தான் தூக்க வேண்டும். மஞ்சள் புடவை, பானைக் கழுத்தில் வேப்பிலை, முன்னால் பம்பை. தமிழ்செல்வி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் எரிச்சலை விழுங்கிக்கொண்டு நடந்தாள். கோயில் வாசலில் பானையை இறக்கி நிமிர்ந்தால், எதிரே மகள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்த குப்பம்மாள் நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கேட்டில் தூரம் என்று ஒதுங்கிப் போனவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மனுக்குப் பானை தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

குப்பம்மாள் கையில் சொம்பு நிறையக் கூழ் இருந்தது. வாய் வரைக்கும் கொண்டுபோனதை அப்படியே இறக்கித் தரையில் வைத்தாள்.

"இன்னா குப்பு, கூழ் குடிக்கல?" என்றாள் கங்கம்மா.

"வயிறு செரியில்லக்கா."

தமிழ்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். "சித்தி, நான் சொல்றத..."

"இங்க வாணாம்." குப்பம்மாள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு கேட்டாண்ட பேசிக்கலாம்."

திங்கட்கிழமை காலை டவுசரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள் தமிழ்செல்வி. போட்டுப் போனால் மாட்டிக்கொள்வாள். போடாமல் போனால், இத்தனை நாள் கம்பி கடத்திவிட்டு இன்றைக்கு மட்டும் வெறுமனே வந்திருக்கிறாள் என்பார்கள். பொய்யைக் கண்டுபிடித்தவர்களுக்கு எதுவும் சாட்சிதான். கேட்டில் ஒரு தடவை கம்பித் திருடி என்று பெயர் வாங்கினால், இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் உள்ளே விட மாட்டார்கள். கடைசியில் போட்டுக்கொண்டுதான் போனாள். அது இல்லாமல் சைக்கிளில் ஏறவே முடியாது என்பதுதான் உண்மை.

சாயங்காலம் வரிசையில் அவள் முறை வந்ததும் குப்பம்மாள் தொடவில்லை. "ரூமுக்கு வா" என்றாள். செக்யூரிட்டி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே செக்யூரிட்டி சூப்பர்வைசர் சரவணன் நிற்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"கேக்கறதுக்கு பதில் சொல்லு. ஒண்ணு நீ என்ன ஏமாத்தியிருக்கணும். இல்ல, அம்மன ஏமாத்தியிருக்கணும். எது?"

தமிழ்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். திருடி என்று ஒத்துக்கொண்டால் வேலை போகும். தீட்டோடு பானை தூக்கினேன் என்றால் வீட்டை விட்டே வெளியே வர முடியாது, அப்போதும் வேலை போகும்.

"உன்னத்தான் சித்தி."

"அப்ப கம்பிதானா?"

"இல்ல சித்தி. புண்ணு. சைக்கிள் சீட்டு பட்டு புண்ணாயிடுச்சி. மெத்த வச்ச டவுசர் போட்டுக்கினு கீறேன். அதான் கெட்டியா இருந்துச்சி."

குப்பம்மாள் கையை நீட்டினாள். "டவுசர்ல மெத்தையா? யாராண்ட கத உடற? அவுரு."

கதவைத் தட்டினான் சரவணன். "இன்னாம்மா, எவ்ளோ நேரம்? ஏதாவது கெடச்சிதா?"

தமிழ்செல்வி திரும்பி நின்று டவுசரைக் கழற்றிக் கொடுத்தாள். குப்பம்மாள் அதைத் திருப்பித் திருப்பி அழுத்திப் பார்த்தாள். அவளுக்கும் வேலை பயம்தான். இன்னொரு தடவை கம்பி போனால் அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, மெத்தையை நீளமாகக் கிழித்தாள்.

மஞ்சள் பஞ்சு பிதுங்கி வந்தது. விரலை விட்டுத் துழாவினாள். பஞ்சு. அவ்வளவுதான்.

அப்போதுதான் அவள் கண் தமிழ்செல்வியின் உள்துணி மேல் போனது. தையல் ஓடுகிற இடமெல்லாம் ரத்தமும் நீரும் ஊறிக் காய்ந்திருந்தது.

"அடிப் பாவி" என்றாள் மெதுவாக. "இத்த வச்சிக்கினா பானை தூக்குன?"

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. "குப்பம்மா!"

"ஒண்ணுமில்ல சார்!" குப்பம்மாள் கத்தினாள். "பொம்பள சமாச்சாரம். உள்ள வராதீங்க!"

தட்டுகிற சத்தம் நின்றது. தமிழ்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். வேலை போகவில்லை. ஆனால் குப்பம்மாள் முகம் தெளியவில்லை. கிழிந்த டவுசரை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னா சித்தி?"

"காலைல உன் மாமியாருக்கும் எம்மவளுக்கும் போன் போட்டேன்டி. அம்மன் விஷியமாச்சே, மனசு கேக்கல."

மெத்தை இல்லாமல் சைக்கிளில் உட்கார முடியவில்லை. ஹைவே ஓரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தாள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. வீட்டு வாசலில் கங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் குணா, கையைக் கட்டிக்கொண்டு. பூமிகா கதவுக்குப் பின்னால்.

"சைக்கிள அங்கியே நிறுத்து" என்றாள் கங்கம்மா. "உள்ள வராத. எங்க வம்சத்துல எவளும் செய்யாத வேலய செஞ்சிருக்க. ஊர் பூரா பேசுது. மறுபடியும் கூழ் ஊத்தணுமாம். பானைய ஒடைக்கணுமாம். நாளையிலேந்து நீ எங்கியும் போவ வாணாம்."

தமிழ்செல்வி சாப்பாட்டுப் பையிலிருந்து டவுசரை எடுத்து மாமியார் கையில் வைத்தாள். பிறகு, குணா நிற்கிறான் என்றும் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சீட்டு, கொப்புளம், கேட்டு, பொய், எல்லாம்.

கங்கம்மா பிதுங்கின பஞ்சை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தாள். மருமகளை அறைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"புண்ணுன்னு சொல்ல வாய் இல்லியாடி உனுக்கு? தூரம்னு சொல்ல மட்டும் வாய் இருந்துச்சா?"

"பக்கத்துல ஆம்பளைங்க வரிச, அத்த."

"நாளைக்கு போவணுமா?"

"போவணும்."

கங்கம்மா செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றான் குணா.

"ஊரு தப்பா பேசுதுல்ல? போய் செரியா பேச வக்கறேன். இவ தீட்டா இல்லன்னு சொல்லணும்னா, எங்க புண்ணு, எப்படி புண்ணுன்னு சொல்லித்தான ஆவணும்?"

"வாணாம் அத்த!" தமிழ்செல்வி வாசல் வரைக்கும் ஓடி வந்தாள். கங்கம்மா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

பூமிகா ஊசியும் நூலும் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்செல்வி உட்காரவில்லை, ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடியே பஞ்சை அமுக்கிக் கிழிசலைத் தைத்தாள். நாளைக்கு உள்ளே எதுவும் போடக் கூடாது. தைத்த இடம் உறுத்தத்தான் செய்யும். அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். கோயில் பக்கத்திலிருந்து கங்கம்மாவின் குரல் வீடு வீடாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னாடி சிரிப்பு?" என்றது கங்கம்மாவின் குரல். "நீ ஏறி மெறிச்சிப் பாரு!"

தமிழ்செல்வி காது வரைக்கும் சிவந்துபோய், அடுத்த தையலைக் குத்தினாள்.