மூன்று மாதமாகப் புள்ளி இல்லை

"மூணு மாசம், ஏட்டி. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஒரு புள்ளி கெடையாது. என்ன ஏதுன்னு இப்பவே சொல்லிரு."

வேதமணி மிஸ் அதற்குள் விளையாட்டுச் சாமான் அறையின் கதவைச் சாத்தியிருந்தார். நான் டெனிகாய்ட் வளையங்கள் தொங்கும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மாற்றி நின்றதில் சலங்கை சத்தம் போட்டது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"வாயத் தொறட்டி ஆவுடை. யாரு அவன்?"

"யாருமில்ல மிஸ்."

"முப்பிடாதி வந்து சொன்னா. நான் நம்பல, போட்டின்னு வெரட்டி விட்டுட்டேன். புஸ்தகத்தப் புரட்டுனா அவ சொன்ன மாதிரியேல்லா இருக்கு!"

புத்தகம் என்றால் பி.டி. வருகைப் பதிவேடு. அட்டையில் 1981-82 என்று எழுதியிருக்கும். எங்கள் கல்லூரியில் பெண்களுக்குக் கடைசிப் பாடவேளை பி.டி. கொஞ்ச நேரம் டிரில், மீதி நேரம் நடனம். மாதவிலக்கான பெண் அன்று ஆட வேண்டாம். மிஸ்ஸின் காதில் "தூரம், மிஸ்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். அவள் பெயருக்கு நேரே மிஸ் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார். மாதாமாதம் பிரின்சிபால் அதே பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார். இது என்ன புள்ளி என்று அவர் கேட்டதில்லை.

ஜூலையில் எனக்கும் புள்ளி விழுந்தது. கல்லூரி விழா நடனத்துக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிய மாதம் அது. முன்வரிசையில் நடுவில் நின்றேன். மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் என் இடத்தில் ராயகிரி முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். "நீ பின்னால போ மக்கா, எனக்கு அடவு சரியாயிட்டு" என்றாள். ஆகஸ்டில் அவளுக்குப் புள்ளி விழுந்தபோது நான் மறுபடி முன்னால் வந்தேன். இனி அந்த இடத்தை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அதே மாதம் இருபதாம் தேதி வாக்கில் எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை. துணியை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டி, கருநீலப் பாவாடை உடுத்திக்கொண்டு ஆடினேன். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ரசீதாவுக்கு மட்டும் தெரியும். அவள் எனக்குப் பின்னால் நிற்பவள்.

"ஒண்ணும் தெரியலட்டி, ஆடு. ஓம் புள்ளிய வச்சு மிஸ் என்ன, கோலமா போடப்போறாவ?" என்றாள்.

செப்டம்பரிலும் அப்படியே. அக்டோபரிலும் அப்படியே. இதைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் சலங்கை இருக்கிறது.

பன்னிரண்டு ஜோடிச் சலங்கையும் தேர் ஓடும் வீதியில் ஒரு வீட்டம்மாவுடையவை. அவர்கள் வீட்டில் பூஜையில் இருப்பவை. தூரமான பெண் தொடக்கூடாது என்று சொல்லித்தான் மிஸ்ஸிடம் கொடுத்திருந்தார்கள். மிஸ் சரி என்று சொல்லி வாங்கி வந்திருந்தார்.

"நாளைக்கு உங்கய்யாவக் கூட்டிட்டு வா" என்றார் மிஸ்.

எங்கள் அய்யா சங்கரபாண்டி, பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "போ, படி. ஒரு சொல்லு எங்காதுல விழுந்துச்சுன்னா அன்னைக்கோட படிப்பு முடிஞ்சது. வார வரன் எவனா இருந்தாலும் தலைய நீட்டணும்." எனக்குப் பதினெட்டு வயது. வரன் ஏற்கெனவே குருவிகுளத்திலிருந்து ஒன்று வந்து நிற்கிறது.

அதனால் சொல்லிவிட்டேன். மூன்று மாதமும் மறைத்ததை, நாள் முதற்கொண்டு சொன்னேன்.

மிஸ் தென்னைநார் மெத்தையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சலங்கையோடயா?"

"ஆமா மிஸ்."

"அடிப்பாவி. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. எனக்கு இதுல ஒண்ணுமில்ல. அந்தம்மா மொகத்துல நான் எப்படிட்டி முழிப்பேன்? வாக்குல்லா குடுத்திருக்கேன்."

"தெரியாம செஞ்சிட்டேன் மிஸ்."

"தெரியாமயா? பாவாட நெறம் பாத்துக் கட்டுனவளுக்குத் தெரியாதாக்கும்." பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்லுதது நெசம்னா, இத நான் வெளிய ஒருத்திகிட்ட சொல்ல முடியாது. பொய்யின்னா, நாளைக்கு எங்கழுத்துக்கு வரும். என்ன நம்பித்தான் புள்ளையள அனுப்புதாவ."

"நெசம் மிஸ்."

"எப்படி நம்ப? எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்லுவாளுவ. இந்தா பாரு, அடுத்த மட்டம் வந்த ஒடனே ஆயிஷம்மாட்ட போ. அவ பாத்து எங்கிட்ட சொல்லட்டும். நான் புள்ளி வச்சிருதேன். அதோட பேச்சு முடிஞ்சது. வரலன்னா உங்கய்யா வரணும்."

ஆயிஷம்மாள் பெண்கள் ஓய்வறையின் ஆயா.

"மிஸ், புள்ளி வச்சிட்டா டான்ஸு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏட்டி, இப்பவும் ஒனக்கு உசுரு அங்கனதான் கெடக்கு. சலங்கையக் கழத்து."

கழற்றிக் கூடையில் வைத்தேன். அன்று நவம்பர் மூன்று. கணக்குப்படி பன்னிரண்டாம் தேதி வர வேண்டும்.

முப்பிடாதி மறுபடி நடுவில் ஆடினாள். எனக்குக் காய்ச்சல் என்று மிஸ் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். காய்ச்சல்காரி மரத்தடியில் உட்கார்ந்து தாளம் போட்டேன். அடவு வந்த இடத்தில் அவள் இரண்டு முறை தப்பினாள். அப்போதுகூட எனக்குச் சந்தோஷம் வந்தது.

பன்னிரண்டாம் தேதி வரவில்லை. பதின்மூன்றும் வரவில்லை. திங்கட்கிழமை ஓய்வறைப் பக்கம் போனபோது ஆயிஷம்மாள் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்துட்டாம்மா?"

"இல்ல."

"வந்துரும், வந்துரும்" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தாள்.

ரசீதா எள்ளுருண்டை கொண்டுவந்தாள். "தின்னுட்டி, சூடு. இழுத்துட்டு வந்துரும்." நான்கு தின்றேன். நேற்று மார்க்கெட்டில் பப்பாளி வாங்கி, வரும் வழியில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் உறைத்தது. கல்யாணமாகாத ஒருத்தி தனியாக உட்கார்ந்து பப்பாளி தின்பதை யாராவது பார்த்திருந்தால் அதுவே போதும். தோலைத் தாவணியில் மடித்துக்கொண்டு வந்து கருவேலங்காட்டில் எறிந்தேன். ஒரு தப்பும் செய்யாதவள் செய்கிற காரியம் மாதிரி அது இல்லை.

இன்றைக்குப் பதினெட்டு, புதன்கிழமை. சாயங்காலம் மிஸ் கூப்பிட்டார்.

"ஆறு நாளாச்சு ஆவுடை."

"நான் சொன்னதெல்லாம் நெசம் மிஸ்."

"நெசமா இருக்கட்டும்னுதான் நானும் செபம் பண்ணுதேன். வெள்ளிக்கிழம காலைல உங்கய்யா வரட்டும். அதுக்கு முந்தி வந்துட்டா வரவேண்டாம்."

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அய்யா விடியற்காலம் மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். இப்போது உள்ளே தூங்குகிறார். நான் இதற்குள் நான்கு தடவை கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை அம்மா, "வயித்தால போவுதாட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எனக்கு இதுவரை ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. முந்தி வந்திருக்கிறது, பிந்தியதில்லை. முழுசாக ஆடிய மூன்று மாதமும் சொன்ன தேதிக்கு வந்தது. மிஸ் கதவைச் சாத்திய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்ட உடனே அவர்கள் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். எதுவும் செய்யாத ஒருத்திக்கு, வெறும் பயத்தினால் மட்டும் அது நின்றுபோகுமா?