நாற்பத்தேழாம் எண் மிதவை

கடற்கரை மணலில் யாராவது கோலம் போடுவார்களா? போட்டிருந்தார்கள். நடுவில் தாமரை, சுற்றிலும் எட்டு மயில், கீழே கலர்ப்பொடியில் 'நல்வரவு'. பார்த்ததும் அதைக் காலால் அழிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

நான் சத்யப்பிரியா, திருப்புல்லாணிக்காரி. மண்டபத்துக்குத் தெற்கே ஒரு கரையில் நூறு மீட்டரைக் கயிறு கட்டி அளந்து, மாதம் ஒருநாள் அதில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக்கை எண்ணுவது என் வேலை. அதே நாள், அதே நேரம், எதிர்க்கரையில் தலைமன்னாரில் மயூரி எண்ணுவாள். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவள். பிளஸ் டூ வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவள். குடும்பத்தோடு இலங்கை திரும்பி அங்கே இதே ஆய்வில் சேர்ந்துவிட்டாள். இரண்டு கரைக் கணக்கையும் சேர்த்து வைத்து, குப்பை எங்கிருந்து எங்கே போகிறது என்று நார்வே விஞ்ஞானிகள் கணிப்பார்கள். கிழிந்த வலையும் பிளாஸ்டிக்கும் வாங்கிக்கொள்ளும் நிலையம் எந்தக் கரைக்கு வரும் என்பதும் அதை வைத்துத்தான். பன்னிரண்டு மாதமும் சரியாக எண்ணியிருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் எங்கள் கரைக்கு நிலையம் கிடையாது.

பெரிய சாமான்களை நான் அள்ளுவதில்லை. சிவப்பு பெயிண்டில் நம்பர் எழுதி அங்கேயே விட்டுவிடுவேன். எது தங்குகிறது, எதைக் கடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமே. பதினோரு மாதத்தில் இருநூற்றுப் பதிமூன்று சாமான்: கேன், செருப்பு, ஐஸ்பெட்டி மூடி, மிதவை. நாற்பத்தேழாம் எண் ஒரு ஆரஞ்சு மிதவை. பெயிண்ட் வழிந்து நாலும் ஏழும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் மாதத்திலிருந்து கிடந்த இடத்தைவிட்டு அசையாத சாமான் அது.

பன்னிரண்டாவது எண்ணிக்கையைப் பார்க்க நார்வேக்காரர்கள் நேரில் வரும் அன்று காலையில்தான் அந்தக் கோலம். நூறு மீட்டரில் ஒரு பாட்டில் மூடிகூட இல்லை.

"நம்ம வீட்டுக்கு ஆளு வந்தா வாசல் கூட்டாம விடுவமா?" என்றார் மகளிர் குழுத் தலைவி சோலையம்மாள். விடியும் முன்பே இருபது பெண்கள் குனிந்து பொறுக்கியிருக்கிறார்கள். அவர் உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி கீறிய காயம். அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

வரவேற்புக் கமிட்டித் தலைவர் பொன்னுச்சாமியிடம் போனேன்.

"குப்பையை எங்கண்ணே போட்டீக?"

"அப்புறப்படுத்தியாச்சு தாயி. வெள்ளைக்காரவுக முன்னாடி ஊரு மானம் போகக்கூடாதுல்ல?"

"எங்கன போட்டீகன்னு கேட்டேன்."

"அது உனக்கெதுக்கு?"

எங்கள் திட்டத் தலைவர் முத்துகிருஷ்ணன் சார் அதற்கு மேல். டாக்டர் பட்டம் வாங்கியவர். சுத்தம் செய்த கரையை எண்ணுவது எண்ணிக்கையே அல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"சைபர்னு எழுதும்மா."

"சார், இது பொய்க் கணக்கு."

"பாக்குறதைத்தானே எழுதணும்? ஒண்ணும் இல்லை, சைபர். செல்லாதுன்னு எழுதினா ஒரு வருஷ வேலை போச்சு."

நான் பேனாவைத் தொடவில்லை. அவரே என் தாளைப் பிடுங்கிச் சைபர் போட்டுத் திருப்பித் தந்தார். நம்பர் போட்ட சாமான்கள் எங்கே என்று, வந்த குழுவுக்குத் தலைவியான நார்வேக்கார அம்மா கேட்டபோது, கடல் இழுத்துக்கொண்டது என்று கூசாமல் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

எட்டாம் நாள் மயூரி போன் செய்தாள்.

"சத்யா, ஒரு படம் அனுப்பியிருக்கிறன், பார். இது உன்ர எழுத்துத்தானே?"

ஆரஞ்சு மிதவை. ஒட்டிக்கொண்ட நாலும் ஏழும்.

"இது மட்டுமில்லையடி. இதுவரைக்கும் அறுபத்தொண்டு எடுத்திட்டன். எல்லாத்திலயும் சிவப்பு நம்பர். கொஞ்சம் கட்டின சாக்கோடயே வந்து ஒதுங்கியிருக்கு."

படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டியிருக்கிறார்கள். ஆடி மாதம், கச்சான் காற்று. மேற்கே கொட்டினால் கிழக்கே போய்ச் சேரும் என்று பாம்பனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொன்னுச்சாமிக்கும் தெரியும். எதிர்க்கரை யார் வீடு என்பதைப் பற்றித்தான் கவலையில்லை.

"அண்டைக்கு எண்ணேக்க நான் இதுகளைக் கவனிக்காமல் விட்டிட்டன் எண்டு எங்கட பெரியவர் ஏசுறார்," என்றாள் மயூரி. அவள் குரல் உடைந்தது.

மறுநாள் ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலில் நிறைவுக் கூட்டம். எதிர்க்கரைக்காரர்கள் வீடியோ அழைப்பில், திரையில் இருந்தார்கள். முத்துகிருஷ்ணன் சார் கோலத்தின் படத்தைப் போட்டு, "மக்கள் பங்கேற்பால் சைபர்" என்றார். கைதட்டினார்கள். முன்வரிசையில் பொன்னுச்சாமி சால்வையைச் சரிசெய்துகொண்டார். திரையின் மூலையில் மயூரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன்.

"சத்யா, உக்காரு," என்றார் சார்.

உட்காரவில்லை. போனை நார்வேக்கார அம்மா முன்னால் வைத்து, மிதவையின் இரண்டு படங்களையும் காட்டினேன். ஒன்று நான் நம்பர் எழுதிய அன்று எங்கள் கரையில் எடுத்தது. மற்றது முந்தின நாள் மயூரி அவள் கரையிலிருந்து அனுப்பியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்க குப்பைதான்," என்று இங்கிலீஷில் சொன்னேன். பிறகு பொன்னுச்சாமி பக்கம் திரும்பினேன். "சாக்கைக் கட்டி அனுப்பினீகல்ல, அண்ணே? அந்தக் கோலத்தையும் சேத்துப் போட்டிருக்கலாம்ல? நல்வரவுன்னு அங்கிட்டு இருக்கவுகளும் படிச்சிருப்பாக."

நார்வேக்கார அம்மா என் தாளைக் கேட்டார். கொடுக்கும் முன் பன்னிரண்டாம் கட்டத்தில் இருந்த சைபரை அடித்தேன். கூட்டிப் பெருக்கியதால் எண்ணிக்கை செல்லாது என்று எழுதினேன். நிலையம் எங்கள் கரைக்கு இனி வராது. அது சோலையம்மாளுக்கு நான் செய்த துரோகமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதினேன்: அறுபத்தொன்று, கிடைத்த இடம் தலைமன்னார், எண்ணியவர் மயூரி, எண்ணியது சரி.

திரையில் அவள் தலையை நிமிர்த்தினாள்.