கோட்டுக்கு ஒரு பகிரங்க மன்னிப்பு

அன்று காலை கடையைத் திறப்பதற்குள்ளேயே லாண்டரிக்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. காரணம், மருமகளின் கையிலிருந்த போன்.

அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரே சட்டம்தான். துணியில் பார்த்ததை வாயில் கொண்டுவரக் கூடாது. எந்தச் சட்டைக் காலரில் யாருடைய உதட்டுச் சாயம், எந்தப் பையில் யாருக்கு எழுதிய கடிதம், எல்லாம் கடைக்குத் தெரியும், வாசல் தாண்டாது. பையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்காமல் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ரசீது எண்ணை எழுதி, துணியோடு கொடுத்துவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் பாதி விலைக்கு மெஷின் கடை வந்த பிறகும் டாக்டரும் வக்கீலும் இங்கேயே வருவது இந்த ஒழுங்குக்காகத்தான்.

மருமகள் போன மாதம் கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தாள். கடை நேரத்தைப் போடுவாள், விலையைப் போடுவாள் என்று நினைத்து அவரும் சரி என்றார். முந்தின இரவு அவள் போட்டதோ ஒரு படம். இடது பக்கம், மார்பில் பெரிய சிவப்புக் கறையோடு ஒரு சாம்பல் நிறக் கோட்டு. வலது பக்கம் அதே கோட்டு, பளிச்சென்று. மேலே, "ஒயின் கறையா? கவலையை விடுங்க!" பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் பொம்மை வேறு.

"இது யாரு கோட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"பேரு போடலையே மாமா. வெறும் கோட்டுதானே?"

"வெறும் கோட்டா? பதினோரு வருஷமா அந்தம்மா இதைப் போட்டுக்கிட்டுதான் ஸ்கூல் கேட்ல நிக்கிறாங்க!"

கோட்டு, பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையுடையது. தாமதமாக வருகிறவர்களைப் பார்வையாலேயே சுருங்க வைக்கிற பெண்மணி. அன்று மாலை ஐந்து மணிக்குக் கோட்டு வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுவும் ஒயின்னு யாரு சொன்னா? இருமல் மருந்து. ஓரமெல்லாம் பாகு மாதிரி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான்தானே வெந்நீர் தொட்டு எடுத்தேன்?"

"இருமல் மருந்துன்னு போட்டா எவன் மாமா பாப்பான்? ஒயின்னு போட்டதாலதான் நூத்தி நாப்பது லைக்கு."

"ஊரான் வீட்டுத் துணியைக் காட்டி லைக்கு வாங்கறதுக்கு, நாலு தெரு சுத்திப் பிச்சை எடுக்கலாம்!"

இஸ்திரி மேஜையில் நின்ற மகன் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே காலரை நான்காம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து இம்மாதிரி நேரங்களில் அவனுக்குக் காலர்தான் கதி.

"சரி மாமா, எடுத்துடறேன். விடுங்க."

"சத்தமில்லாம எடுத்தா அது திருட்டுத்தனம். தப்பு பண்ணின எடத்துலயே மன்னிப்புக் கேக்கணும். எங்கப்பா என்னை அப்படித்தான் வளத்தாரு. கடைப் போனைக் கொண்டா, நானே எழுதறேன்."

"ஐயோ மாமா, வேணாம்..."

"நீ பேசாதே. பேசின வரைக்கும் போதும்."

ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் எழுதினார். "பெண்கள் பள்ளியின் மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களுக்கு" என்று தொடங்கி, அவர் பெயரைத் தலைப்பெழுத்தும் பட்டமும் விடாமல் போட்டு, "மேற்படி படத்திலுள்ள தங்கள் கோட்டில் இருந்தது ஒயின் கறை அல்ல, மருந்துக் கறையே என்பதை ஐம்பத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் இக்கடை உறுதி கூறுகிறது" என்று முடித்து, படத்தின் கீழே பதிந்தார். திரும்பப் படித்தார். ஒரு குறை இல்லை. மரியாதை சொட்டியது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அதற்குக் கீழே எழுபது பேர் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் அந்தப் பள்ளியின் பழைய மாணவிகள். "டீச்சர், என்ன மருந்து? எங்களுக்கும் வேணும்." "அதான் கேட்ல கண்ணு அவ்ளோ சிவப்பா இருந்துச்சா?"

"வளர்ப்பு சரியில்லாததுங்க" என்று பல்லைக் கடித்தார். ஐந்து மணி வரை பொறுக்காமல், கோட்டைக் கையில் ஏந்தி, பள்ளி விட்ட நேரத்துக்கு அந்தம்மாவின் வீட்டு மாடிப்படி ஏறினார்.

கதவு பாதி திறந்தது. உள்ளே வயதான பெண்குரல் ஒன்று விடாமல் இருமிக்கொண்டிருந்தது.

"வாங்க, மருந்துக் கறை" என்றார் தலைமை ஆசிரியை.

"அம்மா, என் மருமக ஏதோ தெரியாத்தனமா..."

"அந்தப் படத்தை நான் காலைலயே பாத்தேன். எரிச்சலாத்தான் இருந்துச்சு. போன் பண்ணி எடுக்கச் சொல்லலாம்னு நெனச்சேன். என் கூடப் பொறந்த தங்கச்சியே என் கோட்டுன்னு தெரியாம லைக்கு போட்டிருக்கா. அப்புறம் நீங்க வந்தீங்க. பேரு, பட்டம், பள்ளிக்கூடம் எல்லாத்தோடயும்."

"ஒயின் இல்லைன்னு தெளிவாச் சொல்லணுமேன்னுதான்..."

"யாரு கேட்டா?"

அவர் கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்பவே, இங்கயே எடுங்க."

போனை எடுத்து ஓரிடத்தில் அமுக்கினார்; கறை பெரிதாகித் திரை முழுதும் நிறைந்தது. இன்னோரிடத்தில் அமுக்கினார். அந்தம்மா எட்டிப் பார்த்தார்.

"கண்ணு சிவப்புன்னு எழுதினவளுக்கு இப்ப உங்க கடை பேர்ல ஹார்ட் வேற போட்டாச்சு."

வேறு வழியில்லை. மருமகளைக் கூப்பிட்டார். காது சற்று மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஏம்மா... அதை எடுத்துடு."

"எதை மாமா? என் படத்தையா, உங்க லெட்டரையா?"

தொண்டையைச் செருமினார். "ரெண்டையும்."

"சத்தமில்லாம எடுத்தா திருட்டுத்தனம்னீங்களே?"

"எடும்மா தாயே! சத்தமில்லாமயே எடு."

தலைமை ஆசிரியை சிரித்தாரா, முகத்தைச் சுளித்தாரா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை. கோட்டை நீட்டினார். அதன் மேலே ரசீது எண் எழுதிய பழுப்பு உறை.

"பையில இருந்துச்சும்மா."

"இதையும் போட்டோ எடுத்தாச்சா?"

"பிரிச்சுப் பாக்காம அப்படியே போட்டு ஒட்டினதும்மா."

அந்தம்மா உறையைத் திருப்பி, ஒட்டிய ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். எங்கும் பிரிந்திருக்கவில்லை. அதைப் பிரிக்காமலே கோட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"திங்கக்கிழமை எங்கம்மா போர்வை ரெண்டு வரும். அதுலயும் இதே கறைதான். உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

கதவு சாத்திக்கொண்டது.

படியில் பாதி இறங்கியபோது போன் 'டிங்' என்றது. "எடுத்தாச்சு மாமா" என்று மருமகள் அனுப்பியிருந்தாள். பக்கத்தில் அதே மஞ்சள் பொம்மை, கண்ணடித்தபடி. அதை அழிக்க எங்கே அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை; கேட்கவும் போவதில்லை.